அப்பாவின் எடை

பெரியநாயக்கன்பாளையம்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

என் கண்ணு கிருபாசங்கருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் அக்ஷயாவும் பாப்பாவும் அந்தக் குளிர் தேசத்தில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதே பாலமலை ரங்கநாதரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வரியில் இங்கு நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை. உன்னிடம் எதற்குப் பொய் என்று விட்டுவிட்டேன்.

தினமும் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. நீயும் அழாதீங்கம்மா, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. இதை எழுதி நஸ்ரியாவிடம் கொடுத்தால் படம் எடுத்து உன் வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுவாள். நஸ்ரியா யார் என்று பிறகு சொல்கிறேன். கடிதத்தில் பாதி அவள் கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மார்கழி லீவுக்கு வருகிறாய், அன்னூர்ப் பக்கம் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்துவிட்டு என்னைக் கையோடு கனடாவுக்குக் கூட்டிப்போகிறாய். அக்ஷயா வேலைக்குத் திரும்ப வேண்டும், பாப்பாவைப் பார்க்க ஆள் வேண்டும். எல்லாம் நியாயம்தான். அந்த இடமும் நல்ல இடம்தான் என்று போய்ப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நீ பேசும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது கண்ணு. உன் குரல் அவர் காதிலும் விழட்டும் என்று எப்போதும்போல அவர் தலைமாட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன். பாப்பா குப்புற விழுந்ததைச் சொன்னவன் அதே மூச்சில், எழுபத்திரண்டு கிலோ மனுசனை நீங்க எப்படிம்மா தூக்குவீங்க, இன்னொருக்கா விழுந்தா ரெண்டு பேரையும் நான் பறிகொடுக்கணும் என்று சொல்லிவிட்டாய். நான் எட்டி எடுத்து அணைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாய்.

அவருக்குப் பேச்சுத்தான் போயிற்று, புரிவது போகவில்லை என்று டாக்டர் நம் இருவரிடமும் சேர்த்துத்தான் சொன்னார். அன்றைக்கு அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இரும்பு வார்க்கும் பட்டறையில் யார் வந்தாலும் எழுந்து ஏனுங்க என்று கேட்பாரே, பக்கவாதம் வந்தபிறகு அந்த ஒரு வார்த்தைதான் அவரிடம் மிச்சம். தண்ணீர் வேண்டுமானாலும் ஏனுங்க, கொசு கடித்தாலும் ஏனுங்க. முப்பத்து நாலு வருஷம் என்னை ஏம்புள்ள என்று அதட்டிய மனுசன், இப்போதுதான் எனக்கு மரியாதை கொடுத்துக் கூப்பிடுகிறார் என்று நான் கேலி செய்வேன். அன்றைக்கு அந்த ஏனுங்கவும் வரவில்லை.

சித்திரையில் நாங்கள் குளியலறையில் விழுந்ததை நீ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. நாற்காலியிலிருந்து அவரை எழுப்பப் போய், அவர் கீழே, நான் அவர் மேலே. மாடியில் குடியிருக்கும் இனியா மோட்டார் போட இறங்கி வரும்வரை ஈரத்தரையில் அப்படியே கிடந்தோம். அதன்பிறகு எனக்கு முதுகு போயிற்று. குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். குடத்தைத் தூக்காமல் இருக்கலாம், கட்டியவனைத் தூக்காமல் எப்படி இருப்பது? தூக்கி உட்கார வைக்க இன்றுவரை காலையும் மாலையும் ஒரு ஆள்தான் வந்துபோகிறான். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். விழுந்த பிறகு முதல் ஒரு மாதம் சாமி படத்துக்கு முன்னால் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று உனக்கு எழுதமாட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன், அவ்வளவு தெரிந்தால் போதும்.

என்னை இழுத்துக்கொண்டு போனது இனியாதான். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே புதிதாக பேக்கரி வந்திருக்கிறது. அதற்கு மேல் மாடியில் ஜிம். காலை பத்து மணிக்குமேல் பெண்களுக்கு மட்டும். சொல்லிக் கொடுப்பது நஸ்ரியா என்ற பெண். தலையில் துணி கட்டிக்கொண்டு அவள் தூக்கும் எடையைப் பார்த்தால் உன் மாமன்காரனுக்கு வேர்த்துவிடும். அவள் முதல் நாள் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள், கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். இதுக்கா படியேறி வந்தேன் என்று நினைத்தேன். எழ முடியவில்லை கிருபா. பாதியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாளும் போனேன், கோபத்தில்தான் போனேன்.

இப்போது வெறும் கம்பியைத் தாண்டி இரும்பு வட்டு மாட்டித் தூக்குகிறேன். ஆமாம், உன் அம்மாதான், ஐம்பத்தாறு வயதில். தெருவில் சேலையோடு போய் அங்கே சுடிதாருக்கு மாறிக்கொள்கிறேன். முதுகு வலி பாதிக்குமேல் போய்விட்டது. கம்பியைத் தரையிலிருந்து எடுத்து நிமிரும்போது கீழேயிருந்து பன் வேகும் வாசம் வருகிறது. அந்த ஒரு மணி நேரம் நான் யார் பெண்டாட்டியும் இல்லை, யார் அம்மாவும் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நான் அப்பாவை எப்படித் தூக்குவேன் என்று நஸ்ரியா செய்து காட்டச் சொன்னாள். இனியாவை உட்காரவைத்துச் செய்து காட்டினேன். பக்கவாட்டில் நின்று, அக்குளில் கை கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுப்பேன். ஏனுங்கம்மா, ஆளைத் தூக்குறீங்களா, கதவைத் தள்ளுறீங்களா என்று நஸ்ரியா கேட்டாள். எதிரே நிற்க வேண்டுமாம். அவர் கை என் கழுத்தில், என் முழங்கால் அவர் முழங்காலுக்கு அண்டையில், நெஞ்சோடு நெஞ்சு வைத்து இடுப்பிலிருந்து எழ வேண்டுமாம். எனக்குக் காது சூடாகிவிட்டது. கல்யாணத்தன்று சடங்கு செய்துவைத்த அருமைக்காரர் கைகோத்துவிட்டதோடு சரி, அதற்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் நான் உன் அப்பாவுக்கு நேர் எதிரே நின்று அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேனா என்றே சந்தேகம். நாங்கள் விழுந்தது பலம் இல்லாததால் மட்டும் இல்லை, வெட்கத்தாலும்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனாலும் இன்னும் துணிச்சல் வரவில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். மார்கழி வரை எனக்கு நேரம் கொடு. அந்த இல்லத்துக்கு இப்போதே உறுதி சொல்லிவிடாதே. நீ வந்து, நான் தூக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய். பாப்பாவின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, என் படத்தைக் காட்டி, இது அம்மிச்சி ஆத்தா மாதிரி வெறும் பாட்டி இல்லை, பயில்வான் என்று சொல்.

எப்போதும் உன் நல்லதையே நினைக்கும்
அம்மா தெய்வாத்தாள்


பெரியநாயக்கன்பாளையம்,
ஐப்பசி, தீபாவளி கழிந்த திங்கள்.

அன்புக் கண்ணு கிருபாசங்கருக்கு,

பாப்பாவின் தீபாவளிப் படம் வந்தது. பட்டுப்பாவாடைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு என்ன அழகு! கண்ணேறு பட்டுவிடும், மிளகாய் சுற்றிப் போடச் சொல்லு அக்ஷயாவை. அங்கே மிளகாயைப் போட அடுப்பு இல்லை என்றால் உப்பாவது சுற்றித் தண்ணீரில் போடட்டும்.

என் கடிதத்துக்கு நீ அனுப்பிய குரலைக் கேட்டேன். எலும்பை உடைச்சுக்காதீங்கம்மா, டிக்கெட் போட்டாச்சு, எல்லாம் முடிவாயிருச்சு என்றாய். பின்னால் அக்ஷயா சிரித்தது கேட்டது. பரவாயில்லை, நானாக இருந்தாலும் சிரிப்பேன். ஆனால் முடிவாகிவிட்டது என்கிற வார்த்தை மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அதனால் இந்தச் செய்தியைக் கேள். அம்மா அப்பாவைத் தூக்கிவிட்டாள்.

தூக்க வந்த ஆள் ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. இனி யாரை எதிர்பார்ப்பது? கதவைத் தாழ் போட்டேன், ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். வீட்டில் வேறு ஆளே இல்லை, யாருக்குத் திரை என்று கேட்காதே. எதிரே போய் நின்றேன். நல்ல கையை எடுத்து என் தோளில் போட்டேன். அவர் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். உங்களுக்கு மட்டும்தான் வெக்கமா, எனக்கு இல்லீங்களா, இப்ப விட்டா அப்புறம் யாரோ ரெண்டு பேரு காலையும் கையையும் புடிச்சுத் தூக்குவாங்க, பரவால்லீங்களா என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே அழுதுவிட்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் தலை என் தோளில் சாய்ந்தது. நஸ்ரியா சொன்னபடி மூச்சை அடக்கி, இடுப்பிலிருந்து எழுந்தேன். நின்றோம். நாற்காலியில் உட்கார வைப்பதை மறந்து சும்மாவே கொஞ்ச நேரம் நின்றோம். இந்த வயதில் எழுதக்கூடாததை எல்லாம் பிள்ளைக்கு எழுதுகிறேன் பார்.

அன்றிலிருந்து தினமும் நான்தான். முதல் வாரம் மூச்சு வாங்கியது. இப்போது உண்மையாகச் சொல்கிறேன், பஞ்சாக இருக்கிறார். கை பட்டதும் எழுந்து வருகிறார். ஜிம்மில் ஒவ்வொரு வாரமும் வட்டு ஏறுகிறது, வீட்டில் அப்பா லேசாகிக்கொண்டே வருகிறார். இத்தனை பலம் எனக்குள் எங்கே கிடந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. தூக்கி நிறுத்தும்போதெல்லாம் அவர் என் முகத்தையே உற்றுப் பார்க்கிறார். பட்டறையில் வார்ப்பைக் கையில் ஏந்திப் பார்த்தே இன்ன எடை என்று சொல்வாரே, அந்தப் பார்வை. என் பலத்தை எடை போடுகிறார் என்று எனக்குள் ஒரு பெருமை.

நஸ்ரியா என்னை முட்டை, பயறு என்று நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அவர் தட்டில் வைக்கும் முட்டையை இடது கையால் என் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார். சாப்பிடுங்க என்றால் வாயை மூடிக்கொள்கிறார். இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு முட்டையை எடுத்து வைக்காத மனுசனுக்கு இப்போது என்மேல் கரிசனம் பொங்குகிறது. நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிடுகிறேன். காலையில் மட்டும் தானாகச் சாப்பிடுகிறார். ஜிம்முக்குக் கிளம்பும்போது இட்லியைப் பிய்த்துத் தட்டில் போட்டுக் கட்டில் ஓரம் வைத்துவிட்டுப் போனால், நான் திரும்பி வரும்போது தட்டு துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

கிணத்துக்கடவு மாமா இளநீரும் வாழைத்தாரும் கொண்டுவந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனார். ஏனம்மணி, மாப்பிள்ளை ரொம்ப எளைச்சுப் போனாரே என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னவோ நான் சோறு போடாமல் வைத்திருக்கிற மாதிரி. படுத்தே கிடந்தால் சதை கரையத்தான் செய்யும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், சர்க்கரைக்கும் அது நல்லதுதான் என்று சொல்லிவிட்டேன். நான் ஜிம்முக்குப் போவதைக் கேட்டு, இந்த வயசுல இதெல்லாம் நமக்கு ஆகுமா அம்மணி, ஊரு என்ன பேசும் என்றார். ஊரா வந்து தூக்குது என்று கேட்டேன். வாழைத்தாரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நம் ஜன்னலுக்குக் கீழே ஒரு தெருநாய் குடிவந்திருக்கிறது. செவலை. வரும்போது எலும்பும் தோலுமாக இருந்தது, இப்போது கொழுத்துப்போய்ப் படியில் படுத்துக்கொண்டு வழிவிட மறுக்கிறது. யார்தான் அதற்குச் சோறு போடுகிறார்களோ தெரியவில்லை.

கண்ணு, நீ வரும்போது அப்பாவை வாசலில் நிற்க வைத்திருப்பேன். அவர் நிற்கிறாரா, நான் நிறுத்தியிருக்கிறேனா என்று குனிந்து பார்க்காதே. அன்னூர்க்காரர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. அக்ஷயாவுக்கும் பாப்பாவுக்கும் என் ஆசி.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அம்மா


பெரியநாயக்கன்பாளையம்,
கார்த்திகை, புதன்கிழமை.

கிருபா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது நேரமில்லை, மன்னித்துக்கொள். கையெழுத்து புரியாவிட்டால் நஸ்ரியாவைக் கேள், அவள் படித்துச் சொல்வாள்.

அப்பா சாப்பிடுவதில்லை. நேற்றிலிருந்து, முந்தாநாளிலிருந்து என்று நினைக்காதே. நீ ஸ்பீக்கரில் பேசினாயே அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. மத்தியானமும் ராத்திரியும் நான் ஊட்டிய இரண்டு வாயோடு சரி.

போன வியாழக்கிழமை கரண்ட் இல்லை என்று ஜிம்மை மூடிவிட்டார்கள். போனவள் உடனே திரும்பிவிட்டேன். வாசல் படியில் அந்த நாய் இல்லை. ஜன்னல் பக்கம் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால், உன் அப்பா நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பாதி உடம்பை எக்கி, இட்லியை ஒவ்வொரு துண்டாக ஜன்னல் கம்பி வழியாகப் போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. எழுந்து உட்காரவே ஆள் வேண்டும் என்று நாம் நினைத்த மனுசன் அதற்கு மட்டும் எப்படியோ எக்கியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. ஏனுங்க என்றார். குழந்தை மாதிரி, அகப்பட்டுக்கொண்ட குரலில்.

நஸ்ரியா எடை மெஷினை எடுத்துக்கொண்டு வந்தாள். அவரால் தனியாக ஏறி நிற்க முடியாதே, அதனால் நான் அவரை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருமாக அதில் ஏறி நின்றோம். பிறகு நான் மட்டும் ஏறினேன். நஸ்ரியா கழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கழித்தாள். ஐம்பத்து மூன்று. எழுபத்திரண்டு கிலோ இருந்த மனுசன், கிருபா!

பஞ்சாக இருக்கிறார் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே. என் பலம், என் பலம் என்று எழுதினேனே. அந்த வரியை நினைத்தால் கையை உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தது பெருமையில் இல்லை. இன்னும் எவ்வளவு குறைய வேண்டும் என்று பார்த்திருக்கிறார். தன் முட்டையை எனக்குக் கொடுத்துத் தன்னைத் தூக்க எனக்குப் பலம் சேர்த்துவிட்டு, மறுபக்கம் தன் எடையை நாய்க்குப் போட்டிருக்கிறார். குளிப்பாட்டியவள் நான். விலா எலும்பைத் தொட்டுத்தான் சோப்புப் போட்டேன். எனக்குத் தெரியவில்லை என்று யாரிடம் சொல்வேன்?

அன்றைக்கு அவரைக் கத்தித் தீர்த்துவிட்டேன். எனக்குத் தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று செய்தீங்களா, இல்லை ஒரேயடியாகப் போயிறலாம் என்று செய்தீங்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அகப்பட்டுக்கொண்ட பிறகு ஒளிக்க ஒன்றுமில்லையே, இப்போது வாயையே திறப்பதில்லை. கஞ்சி கொடுத்தால் கடைவாய் வழியாக விட்டுவிடுகிறார். தண்ணீர் மட்டும் இறங்குகிறது. டாக்டர் வந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்போம், அதற்குமேல் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்களாம்.

ஜிம்மை விட்டுவிடுகிறேன் என்று நஸ்ரியாவிடம் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்தில்தானே இது நடந்தது. நான் எனக்காக எடுத்துக்கொண்ட ஒரே ஒரு மணி நேரம். அவள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மறுநாள் காலை ஆட்டோவில் கம்பியும் வட்டுமாக வீட்டில் வந்து இறங்கினாள். பேக்கரிப் பையன்களை வைத்து, அப்பாவின் கட்டில் கிடக்கும் முன்னறையில் இறக்கினாள். இந்நேரம் வரைக்கும் நீங்க கேட்ட எடையை எல்லாம் நான் குறைச்சுத்தானுங்கம்மா கொடுத்தேன், இன்னைக்குக் குறைக்க மாட்டேன் என்றாள். அப்பாவை நாற்காலியில் வைத்து எதிரே உட்கார வைத்தோம். எழுபத்திரண்டு கிலோ மாட்டினாள். ஒவ்வொரு வட்டாக அவர் கண்ணுக்கு நேரே காட்டிவிட்டுத்தான் மாட்டினாள். இரும்பில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது, உனக்குத் தெரியும்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன். முதல் தடவை கம்பி அசையவில்லை. இரண்டாம் தடவை முழங்கால் வரை வந்து விழுந்தது, தரை ஓடு ஒன்று பிளந்துவிட்டது. மூன்றாவது தடவை எதை நினைத்துக்கொண்டு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நிமிர்ந்துவிட்டேன் கண்ணு. நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடித்து நின்றேன். நஸ்ரியா போதும் போதும் என்று கத்துகிறாள், நான் இறக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. கையை நீட்டினார். நான் கம்பியை இறக்கிவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். இனிச் சாப்பிடுவார் என்று நம்பி ஒரு கவளம் பிசைந்து கொண்டுவந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் இல்லை, போன் வைக்கும் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஏனுங்க என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னால் முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது அவருக்குப் போதாது. முடிவு உன் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பெற்ற பிள்ளைக்குத் தான் ஒரு பாரம் என்று காதால் கேட்ட மனுசன், அந்தப் பாரத்தைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்கிறார். உன்னைக் குற்றம் சொல்லவில்லை சாமி. நீ எங்கள் இரண்டு பேருக்கும் பயந்துதான் பேசினாய். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நான் சொல்லி அதை மாற்ற முடியவில்லை. தொண்டை வற்றக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

எனக்காக என்று கேட்கிறேன். இந்தக் கம்பியைத் தொட்ட நாளிலிருந்துதான் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. என் முதுகு நிமிர்ந்தது, என் தூக்கம் திரும்பியது, இவர் தலை என் தோளில் சாய்ந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் இல்லாத ஒன்று எங்களுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. தொடங்கியதும் அவர் கரைந்து போகிறார். தூக்க ஆள் இல்லாத வீட்டில் இந்தப் பலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? உன்னோடு கனடாவுக்கு வருவதைப் பற்றி, பாப்பாவைப் பார்ப்பதைப் பற்றி, நீ வந்தபிறகு உட்கார்ந்து பேசலாம். நீங்கள் எல்லோரும் ஆறு மாதம் இங்கே வந்து இருந்தாலும் பாப்பாவை ஒரு கையில், இவரை ஒரு கையில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். அதெல்லாம் பிறகு.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எங்களைக் கூப்பிடு. போனை அதே பாட்டிலில் சாய்த்து, அதே ஸ்பீக்கரில், அவர் தலைமாட்டிலேயே வைக்கிறேன். அப்பா, நீங்க எங்கேயும் போக வேண்டாம், ஊட்டுலயே இருங்க, சாப்புடுங்க, அம்மா தூக்கிருவாங்க என்று சொல். இவ்வளவுதான். ஆனால் அவரைச் சமாதானப்படுத்தச் சும்மா சொல்லிவிடாதே கண்ணு. வார்ப்பைச் சுண்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொன்ன காது அது. குரலில் கொஞ்சம் விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் முதலில் அன்னூருக்குப் பேசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனதார முடிவெடுத்துக்கொண்டு, பிறகு கூப்பிடு. நீ சொல்லி முடித்ததும் அவர் ஏனுங்க என்பார். அதைச் சரி என்று எடுத்துக்கொள்.

உன் பிள்ளையைத் தூக்க உன் கைக்கும், உன்னைத் தூக்க அவள் கைக்கும் எந்நாளும் பலம் இருக்கட்டும்.

பருப்பும் நெய்யும் விட்டுச் சோறு பிசைந்து வைத்திருக்கிறேன். ஆறிப்போவதற்குள் கூப்பிடு சாமி.

அம்மா